மலைக்குத் தூக்கிக்கொண்டு போக எந்தச் சின்ன மண்வெட்டி? (ஹம்ப்டா கணவாய், செப்டம்பர்)

ஒற்றைப்பை | ஜூலை 9

வணக்கம். செப்டம்பர் முதல் வாரம் நானும் இரண்டு நண்பர்களும் இமாச்சலில் இருக்கிற ஹம்ப்டா கணவாய் போகிறோம். ஜோப்ராவில் ஏறி சத்ருவில் இறங்குவதாகத் திட்டம், வழியில் சிக்கா, பாலு கா கேரா, ஷியா கோரு என்று தங்கல். பெரிய குழுவோடு போகவில்லை. மணாலியில் ஒரு வழிகாட்டியை மட்டும் பேசியிருக்கிறோம், கூடாரம், அடுப்பு, அரிசி எல்லாம் எங்கள் முதுகில்தான். ஆகவே கழிப்பறைக் கூடாரம் என்ற ஆடம்பரம் கிடையாது, அவரவர் குழியை அவரவர்தான் தோண்டிக்கொள்ள வேண்டும்.

இதற்காக அவசரப்பட்டு ஒரு மடக்கு மண்வெட்டி வாங்கிவிட்டேன். படத்தில் ராணுவச் சரக்கு மாதிரி இருந்தது. ஒரு ஓரம் ரம்பப் பல், மறு ஓரம் கோடாலிக் கூர், கைப்பிடியைத் திருகினால் உள்ளே கத்தி, விசில், தீ மூட்டும் குச்சி, நுனியில் ஒரு திசைகாட்டி. வந்ததும் சமையலறைத் தராசில் வைத்தேன், உறையோடு 1,240 கிராம். என் ஸ்லீப்பிங் பேகே 1,100 தான். பை இப்போதே 14 கிலோவைத் தொட்டுவிட்டது.

இன்னொரு பக்கம் 17 கிராமில் ஓர் அலுமினியக் கரண்டி இருக்கிறது என்கிறார்கள். படத்தைப் பார்த்தால் வளைத்த தகரம் மாதிரி இருக்கிறது, அது இமயமலைக் கல்லில் என்ன செய்யும் என்று சந்தேகம். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது உண்டா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

கிராம்கணக்கு | ஜூலை 9

முதல் வேலையாக அந்தத் திசைகாட்டியைக் கழற்றி மண்வெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துப் பாருங்கள். வடக்கு நகர்ந்திருக்கும். இரும்புக்குப் பக்கத்திலேயே காந்த ஊசியைப் பொருத்தி விற்கிற மூளையை என்னவென்று சொல்வது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் தோண்டப் போவது எவ்வளவு என்று கணக்குப் போட்டீர்களா? ஆழம் 15 முதல் 20 சென்டிமீட்டர், அகலம் 10 முதல் 15. இரண்டு மூன்று லிட்டர் மண், ஒரு செம்பில் அள்ளிவிடலாம். ஒரு நாளைக்கு ஒரு குழி. மொத்தப் பயணத்துக்கும் ஐந்து குழி என்று வைத்தாலும் ஒரு வாளி மண்தான். அதற்கு ஒன்றேகால் கிலோ இரும்பைக் கணவாய் மேலே தூக்கிப் போய் மறுபக்கம் இறக்குவீர்களா?

நான் நான்கு வருஷமாக அந்த 17 கிராம் கரண்டியைத்தான் வைத்திருக்கிறேன், டியூஸ் ஆஃப் ஸ்பேட்ஸ் என்று பெயர். நீங்கள் சொன்னது சரி, வளைத்த தகடுதான். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பலருக்குத் தெரியாமல் திட்டிவிட்டுத் தூக்கிப் போடுகிறார்கள். மண் இளக்கமாக இருந்தால் அகலமான பக்கத்தால் அள்ளு. கெட்டியாக இருந்தால் தலைகீழாகத் திருப்பி, அகலப் பக்கத்தை உள்ளங்கையில் வைத்து, கைப்பிடி முனையால் குத்து. அந்த முனை ஒடுக்கமாக இருப்பதே அதற்காகத்தான். குத்தி நெம்பி மண்ணை உடைத்துக்கொண்டு, பிறகு திருப்பிப் பிடித்து அள்ள வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. ஓரம் கையை அறுக்கும். கைக்குட்டையை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டால் தேவலை.

சொம்புபோதும் | ஜூலை 10

எனக்கு ஒன்று புரியவில்லை. என் தாத்தா எழுபது வருஷம் கருவேலங்காட்டுப் பக்கம்தான் ஒதுங்கினார், கையில் சொம்பைத் தவிர ஒன்றும் இருந்ததில்லை. காட்டில் கிடக்கிற குச்சியால் கிளறினால் போதாதா? எல்லாவற்றுக்கும் ஒரு சாமான் வாங்கியே ஆக வேண்டுமா?

கிராம்கணக்கு | ஜூலை 10

அண்ணே, தாத்தா ஒதுங்கிய இடத்தில் 40 டிகிரி வெயில் இருந்தது, பன்றி இருந்தது, பீவண்டு இருந்தது. இரண்டு நாளில் சுவடு இருந்திருக்காது (ஊர்க் குளத்துக்கு என்ன ஆனது என்பது வேறு கதை). மலை மேலே அந்தக் கணக்கு செல்லாது. குளிரில் மக்குவது ரொம்ப மெதுவாகத்தான் நடக்கும். மண்ணில் மக்க வைக்கிற நுண்ணுயிர் அதிகம் இருப்பது மேலே இருக்கிற ஒரு சாண் அளவில்தான், அதற்குக் கீழே போனால் மக்குவது இன்னும் மெதுவாகும், மேலாகப் போட்டால் மழை அடித்துக்கொண்டு போய் ஓடையில் சேர்க்கும். ஒரு சாண் ஆழம் என்று சொல்வதன் காரணம் அதுதான். அந்த ஓடைத் தண்ணீரைத்தான் அடுத்த கூடாரக்காரன் குடிக்கிறான். வயிற்றுப்போக்கு தருகிற ஜியார்டியா கிருமி குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரு சீசனில் அதே மூன்று தங்கலில் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்று யோசியுங்கள்.

குச்சியைப் பொறுத்தவரை, மரம் வளர்வதே நின்றுபோகிற உயரத்துக்கு மேலே குச்சிக்கு எங்கே போவீர்கள்? அங்கே புல்லும் கல்லும்தான்.

சொம்புபோதும் | ஜூலை 10

தண்ணீர் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். 17 கிராம் தகட்டுக்கு இவ்வளவு விலை கேட்கிறார்கள் என்பதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

கொத்தனார்மகன் | ஜூலை 10

விலைக்கு நான் பதில் சொல்கிறேன். அப்பா கொத்தனார், சின்ன வயதில் சித்தாள் வேலைக்குக் கூடவே போனவன் நான், மண்ணோடு பழக்கம் உண்டு.

நம் ஆட்கள் ஒரு தப்பு செய்வார்கள், வீட்டில் கிடக்கிற கரணையை எடுத்துக்கொண்டு போவார்கள். வேண்டாம். கரணை சாந்து அள்ள, பூச, தட்ட. நெம்ப அதை யாரும் செய்யவில்லை. தகடும் கைப்பிடியும் சேருகிற அந்த வளைந்த கழுத்து இருக்கிறதே, கல்லில் நெம்பினால் முதலில் போவது அதுதான். நர்சரியில் விற்கிற பச்சைக் கைப்பிடித் தோட்டக் கரண்டியும் அதே ஜாதகம். ஏற்காட்டில் நண்பனுடைய காப்பித் தோட்டத்தில் கூடாரம் போட்டபோது எனக்கு அப்படித்தான் மடங்கியது, தும்பிக்கை மாதிரி.

இன்னொன்று. வெள்ளைக்காரன் மண்வெட்டியை மிதித்துத் தள்ளுகிறான், நாம் ஓங்கிக் கொத்தி நம்மை நோக்கி இழுக்கிறோம். நம் மம்பட்டி, களைக்கொத்து எல்லாமே இழுக்கிற சாமான். உங்கள் டியூஸ் கரண்டி உள்ளங்கையால் தள்ளுகிற சாமான், அதனால்தான் நம் கைக்கு அது முதலில் ஒத்துவராது. எனக்கு வராது.

நான் கொண்டு போவது களைக்கொத்து. சந்தையில் கொல்லர் அடித்து விற்பாரே, நாலு விரல் அகல அலகு, மரப்பிடி. பிடியை ஒரு சாணுக்கு அறுத்து, அலகின் ஓரத்தை அரத்தால் கொஞ்சம் இழைத்தேன். எடை 210 கிராம். விலை அந்த 17 கிராம் தகட்டில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. கல்லுக்கு நடுவில் கொத்தி இழுத்தால் கல்லே பெயர்ந்து வரும்.

அட்டைக்கடி | ஜூலை 11

கல்லைக் கொத்திப் பெயர்ப்பதை எங்கட பக்கம் சின்ன அலவாங்கு வேலை என்று சொல்லுவோம், கடப்பாரையைத்தான் அலவாங்கு என்கிறோம். கண்டியிலிருந்து நக்கிள்ஸ் மலைக்கு அடிக்கடி போகிற ஆள் நான். எங்கட மண் முழுக்க ஈரம், வேர். கல் பிரச்சினை குறைவு, வேர்தான் பெரிய தலையிடி. மொட்டைக் கரண்டியால் வேரை அறுக்க ஏலாது, வளைந்து வளைந்து வழுக்கும். ஓரத்தில் ரம்பப் பல் வெட்டின டைட்டேனியம் கரண்டி ஒன்று வெளிநாட்டில் இருக்கிற மச்சான் கொண்டு வந்து தந்தார், 35 கிராம். வேருக்கு அது நல்லம். வேர் கனக்க இருந்தால் அறுத்துக்கொண்டு நிற்காமல் அரை அடி தள்ளிப் போய்த் தோண்டுங்கோ.

அங்கே குந்தி இருக்கிற நேரம் குறைவாக இருப்பது நல்லம். என் பெயரைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

ஹவில்தார்(ஓய்வு) | ஜூலை 11

மடக்கு மண்வெட்டியை எல்லோரும் கிண்டல் செய்வதால் இரண்டு வார்த்தை. அது கெட்ட சாமான் இல்லை, வேறு வேலைக்கான சாமான். 1869 இல் லின்னமன் என்ற டென்மார்க் ராணுவ அதிகாரி சின்னக் கைப்பிடி மண்வெட்டியை வடிவமைத்தார், பிறகு ஐரோப்பிய ராணுவங்கள் பலவும் அதைப் பிடித்துக்கொண்டன. ரஷ்யர்களின் எம்பிஎல்-50 அந்த வம்சம்தான், 50 என்பது 50 சென்டிமீட்டர் நீளம், சிப்பாய் அதை வைத்தே அளவும் எடுத்துக்கொள்வான். குண்டு வரும்போது படுத்தபடியே தோண்ட வேண்டும், வேரை வெட்ட வேண்டும், தேவைப்பட்டால் ஆயுதமாகவும் ஆக வேண்டும். அத்தனைக்கும் எடை வேண்டும். எடை இல்லாத மண்வெட்டியை வீசினால் அது துள்ளும், இறங்காது.

மடக்கு ரகத்தில் அலகை 90 டிகிரியில் நிறுத்திப் பூட்டினால் மம்பட்டி ஆகிவிடும், கொத்தனார் தம்பி சொன்ன இழுக்கிற வேலைக்கு அதுதான் சரி. ஆனால் நல்லதும் மட்டமும் பிரிவது அந்தப் பூட்டில்தான். கழுத்தில் இருக்கிற திருகு வளையத்தை இறுக்கி, அலகைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அது பொம்மை. கைப்பிடிக்குள் கத்தி விசில் என்று அடைத்திருந்தால் கைப்பிடி வெறும் குழாய், திருகுமரை இருக்கிற இடத்தில் முறியும்.

நீங்கள் பதுங்குகுழி தோண்டப் போவதில்லை. விட்டுவிட்டுப் போங்கள்.

டிக்கிநிறைய | ஜூலை 11

காருக்கு வேண்டும் சார் அது. தனுஷ்கோடியில் புத்திசாலித்தனமாகத் தார் ரோட்டை விட்டு மணலில் இறக்கினேன், முன் சக்கரம் இரண்டும் அச்சு வரை போய்விட்டது. மனைவி ஒன்றும் பேசவில்லை, அதுதான் பயம். சாப்பாட்டுத் தட்டால் மணலை அள்ளினேன், ஒரு மணி நேரம். கடைசியில் மீன்காரர் ஒருவர் பலகை கொண்டு வந்து போட்டு எடுத்துவிட்டார். அன்றிலிருந்து டிக்கியில் ஒரு மண்வெட்டி வேண்டும் என்று நினைக்கிறேன், இன்னும் வாங்கவில்லை.

சியராவாசி | ஜூலை 12

கலிபோர்னியாவிலிருந்து எழுதுகிறேன். போன வருஷம் ஜான் மியூர் பாதையில் ஒரு பகுதி நடந்தேன், முழுப் பாதை 340 கிலோமீட்டர் சொச்சம், எனக்கு லீவு கிடைத்தது பாதிக்குத்தான். அங்கே கரடி டப்பா (கரடி திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா) முதுகில் ஏற்கனவே ஒரு கிலோவுக்கு மேல், அதனால் எல்லோரும் கரண்டியில் கிராம் எண்ணுவார்கள்.

முதலில் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கரண்டி வாங்கினேன், 90 கிராம் பக்கம். அலகில் அங்குலக் கோடு போட்டிருக்கும், எவ்வளவு ஆழம் என்று பார்த்துக்கொள்ளலாம், கையையும் அறுக்காது. பைன் மரத்தடியில் மக்கின சருகு மண்ணில் அருமையாக வேலை செய்தது. மேலே ஏறி கிரானைட் சரளை வந்ததும் மூன்றாம் நாள் காலையில் பட்டென்று நுனி உடைந்தது. கிராம்கணக்கு சொன்ன அலுமினியத்துக்கு மாறினேன், இன்று வரை அதுதான்.

இடம் தேர்வு பற்றி யாரும் சொல்லவில்லை. தண்ணீர், பாதை, கூடாரம், மூன்றிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி. நீட்டி வைத்தால் எழுபது எட்டு. கண்ணால் பார்த்து 60 மீட்டர் என்று நினைப்பது பெரும்பாலும் 30 தான், எண்ணிக்கொண்டே நடங்கள். மூடும் முன் ஒரு குச்சியால் மண்ணோடு கலந்துவிட்டால் சீக்கிரம் மக்கும், அந்தக் குச்சி குழிக்குள்ளேயே போக வேண்டும், கரண்டி அதைத் தொடக்கூடாது.

எங்கள் பக்கம் விட்னி சிகரத்துக்கு ஏறும் பகுதியில் தோண்டவே அனுமதி இல்லை, பையில் கட்டிக் கீழே கொண்டு வந்தே ஆக வேண்டும். நேபாளத்திலும் 2024 இல் எவரெஸ்ட் ஏறுகிறவர்களுக்கு அப்படி ஒரு விதி வந்தது. மண்ணே இல்லாத இடத்தில் எந்தக் கரண்டியும் உதவாது.

தூக்கணாங்குருவி | ஜூலை 12

ஆண்கள் எல்லோரும் உலோகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் சொல்வது நேரத்தைப் பற்றி.

மலையில் அவசரம் வருவது விடியற்காலை நாலரைக்கு, இருட்டில், குளிரில். அந்த நேரத்தில் இடம் தேடி, தலைவிளக்கு வெளிச்சத்தில் கல்லோடு மல்லுக்கட்ட எந்தப் பெண்ணாலும் முடியாது, நிம்மதியும் இருக்காது. நான் முந்தின நாள் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே போய் மறைவான இடம் பார்த்துக் குழியைத் தோண்டி, மண்ணைப் பக்கத்திலேயே குவித்து, மேலே ஒரு தட்டைக் கல்லை மூடிவிட்டு வருவேன். வழியில் ஒரு அடையாளம். காலையில் நேராகப் போகலாம். சாயங்காலம் நிதானமாகத் தோண்டும்போது 17 கிராமே போதும், அவசரத்தில் தோண்டினால் கடப்பாரையே போதாது.

தண்ணீர்தான் நமக்கு வசதி. சியராவாசி ஊரில் பேப்பரையும் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டும், நமக்கு அந்த வேலை இல்லை. அரை லிட்டர் பாட்டில் மூடியில் ஊசியைச் சுட வைத்து நாலு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள், பிதுக்கினால் பீய்ச்சும், கால் லிட்டரில் வேலை முடியும். அதையும் குழிக்கு மேலேயே, ஓடைக்குப் போய் அல்ல. மாதவிலக்கு நாளாக இருந்தால் நாப்கினைக் கண்டிப்பாகப் புதைக்காதீர்கள், அதில் இருக்கிற பிளாஸ்டிக் மக்காது, நாய் நரி தோண்டியும் எடுக்கும். காகிதத்தில் சுற்றி ஜிப் கவர், அதற்கு மேல் இன்னொரு கவர், கீழே கொண்டு வந்துவிட வேண்டும்.

கரண்டியைப் பையின் வெளிப் பக்கவாட்டுப் பையில், தனிக் கவரில், சோப்புத் துண்டோடு சேர்த்து வையுங்கள். நிறம் பளிச்சென்று இருக்கட்டும். சாம்பல் நிற டைட்டேனியம் ஒன்று வைத்திருந்தேன், சரளையில் கீழே வைத்தேன், அவ்வளவுதான், இன்னும் அங்கேயே இருக்கும்.

குறிஞ்சி12 | ஜூலை 13

இழையைப் படித்துவிட்டு யாராவது கரண்டியோடு நம் ஊர்க் காட்டுக்குள் கிளம்பிவிடப் போகிறார்கள். தமிழ்நாட்டு வனத்துறைப் பாதைகளில் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போக முடியாது. 2018 இல் குரங்கணித் தீ நடந்த பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் துறையே 40 பாதைகளை முன்பதிவுக்குத் திறந்தது, காலையில் போய் மாலையில் இறங்குகிற நடைதான் பெரும்பாலும். உத்தராகண்டில் மலைமேல் புல்வெளிகளில் இரவு தங்குவதை உயர் நீதிமன்றம் 2018 இல் தடுத்தது. இவர் போவது இமாச்சல், ஆனாலும் வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

அப்புறம், மடக்கு மண்வெட்டி வைத்திருப்பவர்கள் கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பழைய சாரணர் காலத்துப் பழக்கம் அது. இன்றைய கூடாரத்தின் அடித்துணி தண்ணீர் விடாது, கொஞ்சம் மேடாகப் பார்த்துப் போட்டால் போதும். நீங்கள் வெட்டிய வாய்க்கால் அடுத்த மழையில் புல்லையே அரித்துக்கொண்டு போகும்.

ஒற்றைப்பை | ஜூலை 13

எல்லோருக்கும் நன்றி. ஹவில்தார் ஐயா சொன்னபடி அலகைப் பிடித்து ஆட்டினேன். ஆடியது. ரொம்பவே ஆடியது. திசைகாட்டி சோதனையும் செய்தேன், கால்வட்டம் தள்ளிக் காட்டுகிறது.

ஒரு கேள்வி. நண்பன் ஒருவன் தனியாகக் கரண்டி எதற்கு, பனியில் அடிக்கிற அகலமான கூடார முளை இருக்கிறது, 20 கிராம் சொச்சம், அதுவே தோண்டும் என்கிறான். இன்னொருவன் நடைக்கோலால் குத்திக் கிளறினால் போதும் என்கிறான்.

கிராம்கணக்கு | ஜூலை 13

முளை ஓரளவு தோண்டும், கரண்டி வருவதற்கு முன் நாங்கள் அதைத்தான் பயன்படுத்தினோம். ஆனால் மறுபடி அதே முளையைக் கூடாரத்துக்கு அடித்துவிட்டு அந்தக் கையால் சப்பாத்தி பிய்ப்பானா என்று கேளுங்கள். நடைக்கோல் கார்பன் என்றால் வேண்டவே வேண்டாம், நுனி கல்லிடுக்கில் மாட்டி ஒரு பக்கமாக நெம்பினால் முறியும், கணவாய் இறக்கத்தில் கோல் இல்லாமல் முட்டி பேசும்.

பனிக்காலத்துக்குப் போகிறவர் யாராவது படித்தால் ஒரு வரி: பனிச்சரிவு மீட்புக்கு வைத்திருக்கிற மண்வெட்டி தனி ஜாதி, உலோக அலகு, நீளும் கைப்பிடி, அரைக் கிலோவுக்கு மேல். சரிந்து இறுகின பனி சிமெண்டு மாதிரி, பிளாஸ்டிக் அலகு அதில் உடையும். அதில் கிராம் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒற்றைப்பைக்கு இது தேவையில்லை.

கொத்தனார்மகன் | ஜூலை 14

மூன்று பேர்தானே. ஒரு களைக்கொத்து போதும், தலைக்கு 70 கிராம். சொன்னால் என்னுடையதைக் கூரியரில் அனுப்புகிறேன், புதுசு இன்னொன்று இருக்கிறது.

சொம்புபோதும் | ஜூலை 14

எங்கள் ஊரில் அதற்குக் களைக்கொட்டு. அம்மாவிடம் ஆறு இருக்கிறது. யாருக்காவது வேண்டுமா, இனாம்.

ஒற்றைப்பை | செப்டம்பர் 16

திரும்பி வந்துவிட்டோம். வாக்குக் கொடுத்தபடி கதை.

கடைசியில் நான் 17 கிராம் கரண்டி ஒன்று வாங்கினேன், கொத்தனார்மகன் அனுப்பிய களைக்கொத்தையும் பொதுச் சாமானாக எடுத்துக்கொண்டோம். முளைக்கார நண்பன் முளையோடுதான் வந்தான். விமானத்தில் எல்லாவற்றையும் செக்-இன் பையில் போட்டுவிட்டோம், கைப்பையில் வைத்து வம்பு செய்துகொள்ளவில்லை.

சிக்காவில் எந்தக் கஷ்டமும் இல்லை. புல்லுக்கடியில் கறுப்பு மண், கரண்டி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது, புல்கட்டியை அப்படியே வட்டமாக வெட்டி எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, முடிந்ததும் மூடி போல் திருப்பி வைத்தேன். பார்த்தால் தெரியாது. இந்தத் தகட்டையா சந்தேகப்பட்டோம் என்று கொஞ்சம் கர்வம் கூட வந்தது.

பாலு கா கேராவில் கர்வம் பாதி இறங்கியது. பாலு என்றால் இந்தியில் மணல், பெயருக்கேற்ற இடம், ஆற்றுப் படுகையை ஒட்டின மணல்வெளி. தோண்டுவது சுலபம், நிற்க வைப்பதுதான் கஷ்டம், நாலு விரல் போனதும் பக்கச் சுவர் சரிந்து குழி தட்டு மாதிரி ஆகிவிடும். தவிர எங்கு பார்த்தாலும் தண்ணீர். எழுபது எட்டு எண்ணிக்கொண்டே சரிவில் ஏறினேன், ஐம்பதாவது எட்டில் ஒரு பெரிய கல், அதன் இடுக்கில் யாரோ செருகிவிட்டுப் போன டிஷ்யூ. அதற்கும் மேலே ஏறித்தான் கொஞ்சம் கட்டியான மண் கிடைத்தது. தூக்கணாங்குருவி அக்கா சொன்ன சாயங்காலக் குழி உத்தியை அன்று ஆரம்பித்தோம், பிறகு விடவே இல்லை.

மறுநாள் கணவாய், 4,270 மீட்டர், அதைப் பற்றி வேறு இழையில் எழுதுகிறேன். இறங்கி ஷியா கோரு சேர்ந்தபோது மூவருக்கும் பேச்சே இல்லை. அங்கேதான் சோதனை. மண் என்று பார்ப்பதெல்லாம் கல்லுக்கு மேல் தூவின பொடி. கரண்டி மூன்று விரல் இறங்கும், டங். தள்ளிப் போய் மறுபடி, டங். தலைகீழாகத் திருப்பிக் குத்தினேன், கைக்குட்டையை மீறி உள்ளங்கையில் கோடு விழுந்தது. நண்பன் முளை முதல் கல்லிலேயே வாழைக்காய் மாதிரி வளைந்தது, அன்று ராத்திரி கூடாரத்தின் ஒரு மூலையைக் கல்லில் கட்டினோம்.

அப்புறம் களைக்கொத்தை எடுத்தேன். தேங்காய் அளவு கல் ஒன்று பாதி புதைந்து கிடந்தது, அதன் விளிம்பில் அலகை மாட்டி ஒரே இழு. கல் புரண்டது, அது இருந்த இடத்தில் பாதிக் குழி தயார், அடியில் ஈரமான மண். இன்னும் ஐந்தாறு கொத்து, ஒரு சாண் வந்துவிட்டது. கரண்டியால் பொடியை வழித்து வெளியே அள்ளினேன், அந்த வேலைக்குக் கரண்டிதான் வசதி. பிறகு கல்லைப் பழைய இடத்திலேயே புரட்டி வைத்தேன்.

ஆகவே கொத்தனார்மகன் சொன்னது சரி, ஒரு விஷயம் தவிர. மூன்று பேருக்கு ஒரு களைக்கொத்து போதும் என்ற கணக்கு எடைக்குத்தான் பொருந்தும், வயிற்றுக்குப் பொருந்தாது. ஷியா கோருவில் முந்தின ராத்திரி பாதி வெந்த ராஜ்மா சாப்பிட்டிருந்தோம். விடியற்காலை ஐந்து மணிக்கு மூவருக்கும் ஒரே நேரத்தில் வந்தது, முந்தின சாயங்காலம் தோண்டியிருந்தது இரண்டே குழி. மூன்றாமவன் களைக்கொத்தைக் கையில் பிடித்தபடி எங்களைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

கொத்தனார்மகன் | செப்டம்பர் 16

கொத்து எப்படி இருக்கிறது, பிடி ஆடுகிறதா?

ஒற்றைப்பை | செப்டம்பர் 16

ஆடவில்லை. அலகில் இரண்டு இடத்தில் பல் விழுந்திருக்கிறது, அரம் போட்டால் சரியாகிவிடும். அடுத்த முறை இரண்டு கொத்து, ஒரு கரண்டி என்று முடிவு. வழிகாட்டிக்கு ஒன்று வேண்டுமாம், சொம்புபோதும் அண்ணா, அம்மாவின் ஆறில் இரண்டை அனுப்ப முடியுமா?

அந்த 1,240 கிராம் மடக்கு மண்வெட்டி அட்டைப்பெட்டியோடு அப்படியே இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் பாதி விலை.

டிக்கிநிறைய | செப்டம்பர் 17

நான் எடுத்துக்கொள்கிறேன், மணலை அள்ள அது ஆடினாலும் பரவாயில்லை. திசைகாட்டியைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள். விசில் இருக்கிறதா?

ஒற்றைப்பை | செப்டம்பர் 17

விசிலை மகள் எடுத்துக்கொண்டாள். ஐம்பது ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள்.